விரலில் வெள்ளி

சென்னையிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், திருவள்ளூர் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆனதும் கண்டக்டர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூவுவார். “கனகம்மாசத்திரம் எல்லாம் எறங்கு!” இறங்குகிறவர்கள் காதில் அது ஊர்ப் பெயராக மட்டுமே விழுகிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கருக்கு ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர், தலைசாய்க்க நிழல். அந்தத் தர்மத்தோடு ஒட்டிக்கொண்ட கனகம்மாவின் பெயர் இன்றைக்கும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பங்கரையில் புழங்கும் இந்தப் பக்கத்தில், அது எந்த மொழிப் பெயர் என்று கேட்பது வீண்வேலை.

ஒரு பெண்ணின் பெயர் இப்படி வெளியில் சொல்லப்படுவது சாதாரண காரியமல்ல என்று தேர்தல் அதிகாரிகளுக்கு முதல் பொதுத்தேர்தல் கற்றுக்கொடுத்தது. 1951-52 தேர்தலுக்காகச் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேரின் பெயர்களை வீடுவீடாகப் போய் எழுதினார்கள். வடக்கே பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற இடங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், அவ்வளவுதான். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஓட்டு போடுவது ஆள். உறவுமுறை ஓட்டு போட முடியாது. சொந்தப் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது. அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

நம் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே பெண்கள் தங்கள் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். புருஷன் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால், திருத்தணி மலைப் பக்கம் கையைக் காட்டி, “அங்க மேல நிக்கிறாரே, அவரு பேருதான்” என்பார்களாம். வந்தவர் சுப்பிரமணி என்று எழுதுவதா, தணிகாசலம் என்று எழுதுவதா, முருகேசன் என்று எழுதுவதா? மலையில் நிற்பவருக்குத்தான் பெயருக்குப் பஞ்சமில்லையே. பெரியவர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை இது. ஆனால் பட்டியல் என்பது எவ்வளவு தடுமாற்றமான கைவேலை என்று இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வாக்குச்சாவடியில் நம் கண்ணுக்குப் படும் அதிசயம் பட்டியல் அல்ல. பட்டியல் நூல் கட்டிய காகிதக் கட்டாக மேஜையில் கிடக்கும். எல்லாரும் பார்ப்பது மையைத்தான். வெளியே வந்ததும் விரலைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். முதலில் அந்த மைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம்.

மையின் முழுச் சேர்மானம் ரகசியம். ஆனால் அதில் உழைக்கும் சரக்கு எது என்பது ரகசியமல்ல: சில்வர் நைட்ரேட், அதாவது நைட்ரிக் அமிலத்தில் கரைந்த வெள்ளி. நகைக்கடை வெள்ளிதான். விரலில் வைக்கும்போது தெரியும் ஊதா நிறம் வெறும் சாயம். வைத்தது அதிகாரிக்குத் தெரியட்டும் என்று கலந்தது. சில்வர் நைட்ரேட் கரைசல் தன்னளவில் தண்ணீர்போல நிறமற்றது. சட்டென்று காய்வதற்கு ஆல்கஹால் சேர்க்கிறார்கள்.

நம் தோலில் எப்போதும் வியர்வையின் உப்பு இருக்கிறது. சில்வர் நைட்ரேட் அந்த உப்பைச் சந்தித்ததும் சில்வர் குளோரைடு ஆகிறது. இது தண்ணீரில் கரையாது. இனி சோப்புக்கு அங்கே வேலையில்லை. அடுத்து வெளிச்சம் வருகிறது. ஒளி பட்டதும் சில்வர் குளோரைடு உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக வெள்ளி உலோகம் பிரிகிறது. பளபளக்கும் வெள்ளியை அவ்வளவு பொடியாக நுணுக்கினால் அது வெளிச்சத்தை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். போதாததற்கு, தோலிலும் நகத்திலும் உள்ள புரதத்தோடும் வெள்ளி இறுகப் பிணைந்துகொள்கிறது. முதல் நாள் தேய்த்துக் கழுவியதும் ஊதா மங்குவதைப் பார்த்து மை போகிறது என்று நினைக்கிறோம். போவது சாயம். அடியில் வெள்ளி கறுத்துக்கொண்டிருக்கிறது. சித்திரை வெயிலில் வரிசையில் நிற்க வைத்துவிட்டார்களே என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த வெயில்தான் மையின் கூட்டாளி.

பழைய கறுப்பு-வெள்ளை போட்டோவும் இதே வித்தைதான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் யோஹான் ஹைன்ரிஷ் ஷுல்ட்சே என்பவர் சுண்ணாம்புப் பொடியை நைட்ரிக் அமிலத்தில் கலந்துகொண்டிருந்தார். அந்த அமிலத்தில் கொஞ்சம் வெள்ளி கரைந்திருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி மட்டும் கறுத்தது. வெப்பமா, வெளிச்சமா என்று சோதிக்க அடுப்பருகே வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு எழுத்துகளை வெட்டி எடுத்த காகிதத்தைப் புட்டியில் சுற்றி வெயிலில் வைத்தார். காகிதத்தைப் பிரித்தபோது, புட்டிக்குள் கலவையின் மேல் அந்த எழுத்துகள் கறுப்பாக நின்றன. வெயில் எழுதிய எழுத்து. ஓட்டுப் போட்டுவிட்டு வரும் ஒவ்வொருவர் விரலிலும் அவருடைய சோதனைதான் மறுபடி நடக்கிறது.

தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. சில வாரங்களில் உதிர்ந்துவிடும், கறையும் அதோடு போகும். நகம் அப்படியல்ல. மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியில் பட்ட கறை நுனிக்கு வந்து வெட்டுப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் 2006 முதல் இடது ஆள்காட்டி விரலில் நக நுனியிலிருந்து முதல் கணுவின் அடிவரை கோடாக இழுக்கிறார்கள். எண்ணெயோ கிரீஸோ முன்கூட்டியே தடவிக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்களுக்காக, விரலைத் துடைத்துவிட்டு மை வைக்கச் சொல்லியிருக்கிறது. மறுவாக்குப்பதிவு என்றால் நடுவிரல்.

இந்தியத் தேர்தலுக்கு இந்த மை வருவது ஒரே இடத்திலிருந்து. மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் தொடங்கிய அரக்கு-வர்ண ஆலை, இப்போது மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனம். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் செய்முறையை வைத்து 1962 தேர்தலிலிருந்து தயாரிக்கிறது. 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்று ஏறக்குறைய 700 பேருக்குக் காணும். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் உண்டு. 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்ற வந்தவர்களின் வலது விரலில் பேங்க்கில் வைத்ததும், 2020-இல் சில மாநிலங்களில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் கையில் குத்தியதும் இந்த ஜாதி மைதான். அதற்கெல்லாம் அது பிறக்கவில்லை என்பது என் எண்ணம்.

வெளிநாட்டு ஏற்றுமதியில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் ஒழுங்காக உள்ள நாடுகளுக்கு மை தேவைப்படுவதில்லை. போர் முடிந்த நாடு என்றால் பதிவேடுகள் எரிந்திருக்கும். பாதிப் பேர் ஊர் மாறியிருப்பார்கள். யார் எந்த ஊர் என்று சொல்ல ஆளிருக்காது. அங்கே கேட்கக்கூடிய ஒரே கேள்வி, “நீ ஏற்கெனவே போட்டுவிட்டாயா?” என்பதுதான். அதற்கு விரல் பதில் சொல்லும்.

பதில் சொல்லும் விரல் காட்டிக்கொடுக்கவும் செய்யும். பெருவில் ஒளிரும் பாதை இயக்கம், மை பட்ட விரலை வெட்டுவோம் என்று கிராமத்தாரை மிரட்டியது. ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 2014 ஜூனில் ஓட்டுப் போட்டுத் திரும்பிய 11 பேரின் விரல்களைத் தாலிபான்கள் வெட்டியே விட்டார்கள். அதே நாட்டில் 2004-இல் நேர் எதிரான தொல்லை: சில சாவடிகளில் தவறான பேனாவை வைத்து எழுதியதால் மை கழுவியதும் போய்விட்டது. 15 வேட்பாளர்கள் வாக்குப்பதிவு நாளன்றே தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். போனாலும் தப்பு, போகாவிட்டாலும் ஆபத்து.

இந்த இடத்தில் நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு பத்தி நினைவுக்கு வருகிறது. இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு இடக்கையின் வேறு விரலில் வை. இடக்கையில் விரலே இல்லையென்றால் வலக்கை விரலில் வை. இரு கைகளிலும் விரல்களே இல்லையென்றால், இருக்கும் கையின் நுனியில் வை. சட்டப் புத்தகத்தின் வறண்ட நடையில் இதை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. விரலே இல்லாத ஒருவர் வருவார், அவரும் போட்டாக வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஆனாலும் மை இரண்டாவது ஓட்டைத்தான் தடுக்கும். முதல் ஓட்டைத் தடுக்க வேண்டுமென்றால் கருவி வேறு. அந்தக் காகிதக் கட்டு.

இதற்கு உலகப் பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அடிமை முறை ஒழிந்தது. 1867-இல் மறுசீரமைப்புச் சட்டங்கள் வந்தன. தோற்ற தென்மாநிலங்களில் ராணுவ அதிகாரிகளின் பொறுப்பில் வாக்காளர் பதிவு நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை முதலாளியின் சொத்துக் கணக்கில் மாட்டோடும் வண்டியோடும் சேர்த்து எழுதப்பட்ட கறுப்பின ஆண்கள் சுமார் ஏழு லட்சம் பேர் வாக்காளர் ஆனார்கள். பலருக்குக் குடும்பப் பெயரே அப்போதுதான் தேவைப்பட்டது. 1870-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டைப் பறிக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டில் போய் உட்கார்ந்தார்.

நிறத்தைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? சொல்லாமலேயே செய்தார்கள். 1890-இல் மிசிசிப்பி, தலைவரி கட்டியிருக்க வேண்டும், அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும் அல்லது வாசித்துக் காட்டினால் விளங்கிச் சொல்ல வேண்டும் என்றது. விளங்கியதா இல்லையா என்று தீர்ப்பது பதிவு குமாஸ்தா. 1898-இல் லூசியானா இன்னும் நயமாக ஒன்று கண்டுபிடித்தது: 1867 ஜனவரி 1 அன்று உன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டுரிமை இருந்ததா? இருந்தால் உனக்குப் பரீட்சை கிடையாது. அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கறுப்பர்களுக்கு ஓட்டே வந்தது! லூசியானாவில் 1896-இல் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 1,30,334 பேர். 1900-இல் 5,320. 1904-இல் 1,342. துப்பாக்கிகளும் முகமூடி ஆட்களும் சாதித்ததைவிடப் பேனா அதிகம் சாதித்தது. தாத்தா விதியை 1915-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மற்ற தடைகள் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்வரை நின்றன. அந்தச் சட்டம் வந்த இரண்டே ஆண்டில் மிசிசிப்பியில் பதிவான கறுப்பர்கள் நூற்றுக்கு ஏழு பேர் என்பதிலிருந்து அறுபது பேர் என்று ஏறினார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

தாத்தாவைக் கேட்கும் தந்திரம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பாக் நீரிணைக்கு அப்பாலும் கேட்டார்கள்.

இலங்கை 1931-லேயே 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்த நாடு. ஆசியாவில் அது முதல். (நம் சென்னை மாகாணம் 1921-இல் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது என்று பெருமை பேசலாம்; சொத்து வைத்திருந்த பெண்களுக்கு மட்டும்.) தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள், 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு சுதந்திரம் வந்தது. அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். காகிதம் காட்டு. லயத்து அறையில் பிறந்த குழந்தைக்கு எந்தக் காலத்தில் யார் காகிதம் எழுதினார்கள்? ஏழு லட்சம் பேர் அளவில் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமகன் இல்லையென்றால் ஓட்டில்லை என்றானது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரிசி மூட்டை பங்கு போடுவதுபோல. அந்த மீதியையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் ஓட்டு இல்லை.

அமெரிக்காவில் போர் முதலில், பட்டியல் பின்னால். இலங்கையில் வரிசை மாறிவிட்டது: பெயர் அடித்தது முதலில், 1983-இல் தொடங்கிய போர் பின்னால். இந்த ஒன்றிலிருந்துதான் அது விளைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மொழிச் சட்டம், பல்கலைக்கழக அனுமதி, கலவரங்கள் என்று காரணங்கள் பல. போருக்குள்ளும் ஓட்டு ஒரு விசித்திரமான பொருளாகத்தான் இருந்தது. 2005 அதிபர் தேர்தலில் புலிகள் புறக்கணிப்பை முன்னிறுத்தினார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவானது நூற்றுக்கு 1.21. அங்கே மைக்குப்பி திறக்கப்படாமலேயே இருந்திருக்கும். நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, 2013 செப்டம்பர் 21 அன்று வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. தேயிலைத் தோட்டத்து மலையகத்தார் விஷயம் அதற்கு முன்பே, போர் ஓய்ந்திருந்த 2003-இல் ஒரு சட்டத்தால் தீர்ந்தது: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்பவரும் அவர் சந்ததியும் குடிமக்கள். பங்கு போட்ட அதே தேதியை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பட்டியல் இடம் மாறியும் ஓட்டுப் போகாத கதை ஒன்று வேண்டுமென்றால் கனகம்மாசத்திரம் பஸ்ஸிலேயே இன்னும் கொஞ்சம் மேற்கே போக வேண்டும். திருத்தணிக்காரர் ஒருவர் 1952-இல் சென்னைச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோது அவர் ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. 1955-இல் ஆந்திரச் சட்டசபைக்குப் போட்டார். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், சிறை, உயிர்ப்பலி, பிறகு மத்தியஸ்தர் பட்டாஸ்கரின் சமரசம் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 1962-இல் மறுபடி சென்னைக்கு ஓட்டு. பத்து ஆண்டில் இரண்டு மாநிலங்கள், அவர் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே. ஆந்திரச் சட்டசபையிலிருந்து ஓர் உறுப்பினரும் நாற்காலியோடு இங்கே மாற்றப்பட்டார்; 205 இடங்களாக இருந்த சென்னைச் சட்டசபை 206 ஆனது. தெலுங்கு பேசுகிறாயா, உன் தாத்தா எங்கே பிறந்தார் என்று யாரும் கேட்டுப் பெயரை அடிக்கவில்லை. நாம் எல்லைச் சண்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு வியப்பாக இருப்பது இந்தக் குமாஸ்தா வேலை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே போரில் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம். தமிழ்நாடெங்கும் இப்படி நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள். அங்கே வாழ்பவர்களில் சிலர் பழைய மலையகக் குடும்பங்கள்; இரண்டு தலைமுறைக்கு முன் இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். ரேஷன் கார்டு உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, தேர்தல் நாளன்று விடுமுறையும் உண்டு. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். முகாமில் அந்த இடைவெளிக்குள் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்த் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டினார். பாஸ்போர்ட் வந்தது, பிறகு பட்டியலில் பெயர் வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வரிசையில் நின்று, வாழ்நாளில் முதல் முறையாக வாக்களித்தார்.

அன்றைக்குத் திருச்சியில் நல்ல வெயில். அவர் நகத்தின் வெள்ளி ஒரு மணி நேரத்துக்குள் கறுக்கத் தொடங்கியிருக்கும்.